கட்டுரை வன்மை வளருமாறு

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் மூன்றாண்டு பயிலும் மாணவர் பெறும் பயன் யாது என வினவுவார் பலர். இலக்கணம் கற்றனர், பண்டை நூல்களைப் பாடங் கேட்டனர், உரைகளை ஓதினர் என விடை கூறுதல் எளிது. ஆயினும், கற்றவற்றைப் பிறர் உளங்கொள்ளுமாறு எழுத வல்லராயினரா என்பதே அக்கல்விக்கு உற்ற உரைகல்லாகும். நூல்கள் பலவற்றைக் கற்றும், தாம் கருதியதொன்றைப் பத்து வரிகளில் தெளிவுற எழுத இயலாதாயின், அக்கல்வி பூட்டிய பேழையுள் வைத்த பொருளை ஒக்கும். பேழைக்குரியார்க்கும் அதனாற் பயனில்லை. பசித்து வந்தார்க்கும் பயனில்லை.

எழுத்து வன்மை பிறவியிலேயே வாய்ப்பதொன்றென்று கருதுவாருமுளர். கவிதையைப் பற்றி அங்ஙனம் கூறுதல் ஒருவாறு பொருந்தலாம். கட்டுரையோ, நெசவும் தச்சும் போலக் கையுங் கண்ணும் பழகப் பழகத் திருந்துவது. அது திருந்தும் வழி இன்னதென்பதை, இக்கல்லூரியில் இரண்டாண்டுகளாகப் பயின்றுவரும் நாம் கண்டவாறு ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம். நமக்குப் பின் வரும் மாணவர்க்கு இது சிறிதேனும் துணையாகுமென்பது நம் நம்பிக்கை.

நன்னூல் கூறும் கணக்கு

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நாம் எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறும் நூலாகவே கருதுகின்றோம். அதன் பொதுப்பாயிரத்திலோ கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் நூல் செய்யும் முறையும் கூறப்பட்டுள்ளன. அங்கே ஒரு கணக்கு வருகின்றது. ஆசிரியர் உரைத்தவற்றை மாணாக்கன் நன்றாகக் கொண்டாலும், அவன் பெறுவது புலமையிற் காற்பங்கேயாம். உடன் பயில்வாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் அறிந்ததைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலன்றி வாராது.

இக்கணக்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஆசிரியரிடம் கேட்பதற்குக் கால் கொடுத்த முனிவர், பிறர்க்கு உரைப்பதற்கு அரை கொடுத்தார். கற்றபின் செய்வது உரைத்தல் என்றே நாம் எண்ணுகின்றோம். அவரோ உரைத்தலும் கற்றலின் பகுதியே என்றார். எழுதுதலும் உரைத்தலேயன்றோ? ஆகலின் இக்கணக்கையே அளவுகோலாகக் கொண்டு, மாணவனது எழுத்து வளருமாற்றை முறையே காண்போம்.

ஆசிரியரிடம் பெறும் காற்பங்கு

வகுப்பில் நாம் பாடங் கேட்பன பெரும்பாலும் செய்யுள் நூல்கள். உரைநடை எழுதுதற்கு அவை எங்ஙனம் துணையாகும் என்று ஐயுறலாம். செய்யுளோடு உடன் வரும் உரைகளே அத்துணையாவன. இறையனார் களவியல் உரை முதலாக, தொல்காப்பியத்திற்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும், திருக்குறளுக்குப் பரிமேலழகரும் வரைந்தவை நம் மொழியின் பழைய உரைநடைச் செல்வங்களாம்.

இவ்வுரையாசிரியர்களிடம் நாம் கற்பன இரண்டு. முதலாவது, தடை விடை என்னும் முறை. ஒரு பொருளைக் கூறியவுடன், கேட்பவன் மனத்தில் எழும் ஐயத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, 'அஃதேல்' என்றும் 'எனின்' என்றும் வினாவெழுப்பி, அதற்கு விடையுங் கூறிச் செல்வர். ஏட்டின் எதிரே ஒரு மாணாக்கன் அமர்ந்து தம்மை இடைமறித்துக் கேட்பதாகவே அவர்கள் எண்ணி எழுதினர் போலும். படிப்பவன் ஒருவன் எதிரே இருக்கின்றான் என்னும் இந்நினைவே கட்டுரைக்கு உயிராவது. இந்நினைவின்றி எழுதப்படுவது எத்துணைச் சொல்வளம் உடையதாயினும் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பேச்சேயாகும்.

இரண்டாவது, சொற்களை நிறுத்தும் இடம். செய்யுளில் தொலைவிற் கிடக்கும் சொற்களையும் கொண்டு கூட்டிப் பொருள் உரைப்பதில் நச்சினார்க்கினியர் பெயர் பெற்றவர். பத்துப்பாட்டுக்கு அவர் வரைந்த உரையைக் கற்போர் இதனை நன்கறிவர். பண்டைப் பாட்டுக்கு அவ்வாறு உழைக்க ஓர் உரையாசிரியர் கிடைத்தார். நம் கட்டுரைக்கு எவர் கிடைப்பர்? ஆகலின் எழுவாயையும் பயனிலையையும் பன்னிரண்டு அடைமொழிகளாற் பிரித்து வைத்தல் நமக்கு ஆகாது. ஒன்றோடொன்று சேரவேண்டிய சொற்களை நாமே அருகருகே நிறுத்துதல் வேண்டும்.

ஆசிரியர் தரும் மற்றொரு கொடை அவரது சிவப்பு மை. நன்னூலார் நூலுக்காகாத குற்றங்கள் பத்தும், நூலுக்குரிய அழகுகள் பத்தும் எண்ணினார். மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் ஓரத்திற் குறிப்பன பெரும்பாலும் அக்குற்றங்களின் பெயர்களே. சொல்லவேண்டியதிலும் மிகுதியாகச் சொன்னால் 'மிகைபடக் கூறல்'. எடுத்த பொருளை விட்டு வேறொன்றிற் புகுந்தால் 'மற்றொன்று விரித்தல்'. ஆரவாரமாய்த் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிந்தால் 'சென்று தேய்ந்திறுதல்'. எழுநூறு ஆண்டுகட்கு முன் வகுத்த அப்பெயர்கள் இன்றைய கட்டுரைத் தாளின் ஓரத்திலும் பொருந்தி நிற்றல் வியத்தற்குரியது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பனையைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால், புதிதாக வகுப்பிற் சேர்ந்த மாணவர் பலர் பின்வருமாறு தொடங்குவர்: 'பண்டு தொட்டு நம் செந்தமிழ் நாட்டின்கண் சீரும் சிறப்பும் எய்தி, வானளாவ ஓங்கி வளர்ந்து, பல்லாற்றானும் பயன் தந்து நிற்கும் பனையென்னும் பெருமை வாய்ந்த தருவானது மக்கட்கு ஆற்றும் நன்மைகள் அளவிடற்கரியன.' இவ்வாக்கியத்தில் இலக்கண வழு இல்லை, ஓசையும் உண்டு. ஆயினும் இதனைப் படித்தவன் பனையைப் பற்றி முன் அறியாத யாதொன்றையும் அறிந்திலன். 'பனை' என்னுமிடத்தில் 'ஆல்' என்றோ 'அரசு' என்றோ மாற்றினும் வாக்கியம் அப்படியே நிற்கும். எப்பொருளுக்கும் பொருந்தும் வாக்கியம் எப்பொருளையும் விளக்காது.

அதனையே இவ்வாறு எழுதிப் பார்க்க: 'பனையின் ஓலை கூரையாகின்றது, அதன் நுங்கும் பதநீரும் கோடையில் உணவாகின்றன, முற்றிய மரம் உத்தரமாகின்றது. அச்சுப்பொறி பரவும் வரை நம் முன்னோர் நூல்கள் பெரும்பாலும் அதன் ஓலையிலேயே வாழ்ந்திருந்தன.' இங்கே அடைமொழிகள் குறைந்தன, செய்திகள் மிகுந்தன. பெருமையென்னுஞ் சொல் ஓரிடத்தும் இல்லை; ஆயினும் பனையின் பெருமை படிப்பவன் உள்ளத்தில் தானே தோன்றுகின்றது. இவ்வேறுபாட்டைத் தன் கண்ணாற் காணத் தொடங்கிய நாளே மாணவனது எழுத்து வளரத் தொடங்கிய நாள் எனலாம்.

உடன் பயில்வாரிடம் பெறும் காற்பங்கு

இனி, நண்பர்களாற் பெறும் பங்கினை நோக்குவோம். நம் விடுதியில் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கட்டுரையை மற்றவர் உரக்கப் படிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. எழுதியவர் வாய்திறவாது கேட்டல் வேண்டும் என்பதே அதன் ஒரே விதி. இவ்விதி சிறியதாகத் தோன்றினும் அதன் பயன் பெரிது. எழுதியவர் தாமே படிப்பாராயின், எழுத்தில் இல்லாத தெளிவைத் தம் குரலால் ஏற்றிவிடுவர். பிறர் படிக்குங்கால் அத்துணை கிட்டாது. படிப்பவர் தடுமாறும் இடத்தில் வாக்கியம் தடுமாறுகின்றது. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது. முன்னே சென்று மீண்டும் பின்னே வந்து படிக்கும் இடத்தில் 'அவர்', 'அது' என்னுஞ் சுட்டுகள் யாரை, எதனைக் குறித்தன என்பது விளங்கவில்லை.

இம்முறையில் நண்பர் புலவராக இருக்கவேண்டுவதில்லை. 'இது நன்று, இது தீது' என்று அவர் தீர்ப்புக் கூறவும் வேண்டா. 'இவ்விடத்தில் நின்றுவிட்டேன்' என்று அவர் உண்மையாகக் கூறினாற் போதும். வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர் நமது யாப்புக் கட்டுரையைப் படித்து, 'தளையென்பது யாது?' என்று கேட்ட கேள்வி, பெரும்புலவர் ஒருவரது பாராட்டினும் நமக்குப் பயன்பட்டது. அவர்க்கு விளங்கும்படி, இரண்டு சீர்கள் ஒன்றோடொன்று இணையும் கட்டே தளை என்று எழுதப் புகுந்தபோது, நாம் அறிந்திருந்த இலக்கணமும் நம் உள்ளத்தில் முன்னினும் ஆழமாக வேரூன்றிற்று. நன்னூலார் இக்கூட்டுப் பயிற்சிக்குக் காற்பங்கு அளித்தது மிகையன்று.

எடுத்துரைத்தலாற் பெறும் அரைப்பங்கு

எஞ்சியது அரைப்பங்கு. ஆசிரியரும் நண்பரும் நம் பொருட்டுப் படிப்பவர். தம் பொருட்டு நம் எழுத்தை நாடி வருவார் சிலரும் உளர். அவர்க்காக எழுதும்போதே எழுத்தின் பொறுப்பு விளங்கும்.

சிற்றூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர் பலரும் இதனை அறிவர். விடுமுறையில் ஊர் சென்றால், 'தமிழ் படிக்கிற பிள்ளை வந்திருக்கிறது' என்று மனு எழுதுவிக்க வருவாருண்டு. சென்ற கோடையில் நம் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவர், தமக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை மூன்று மாதங்களாக நின்றுவிட்டதென்று கூறி, அதற்கு ஒரு மனு எழுதித் தரவேண்டினார். அவர்க்குப் படிக்கத் தெரியாது. அத்தொகையே அவர்க்கு அரிசியும் மருந்துமாவது.

இத்தகைய மனுவில் அடுக்குத் தொடர்க்கும் உவமைக்கும் இடமேது? அதனைக் கையில் வாங்குபவர் மேசையில் அன்று வேறு பல மனுக்களும் இருக்கும். விண்ணப்பிப்பவர் யார், எத்தொகை எம்மாதம் முதல் நின்றது, இப்பொழுது வேண்டுவது யாது என்னும் மூன்றும் முதல் நான்கு வரிகளில் விளங்கவேண்டும். அங்ஙனமே எழுதினோம், ஒரு பக்கத்திலே முடிந்தது. பின்னர் விடுதி வழக்கத்தை நினைந்து, அதனை அவர்க்கே மெல்லப் படித்துக் காட்டினோம்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, முடிந்ததும், 'நான் சொன்னது அப்படியே இருக்கிறது, தம்பி' என்றார். சிறிது நேரங் கழித்து, 'பாங்கிலே போன வருஷம் பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு புதுப் புத்தகம் கொடுத்தார்கள். அதிலே நம்பர் வேறே. அதையும் போடவேண்டுமோ?' என்று கேட்டார். தொகை நின்றதற்குக் காரணம் அதுவாகவே இருத்தல் கூடுமென்பது அப்பொழுதே புலனாயிற்று. அந்த எண்ணையும் சேர்த்து மனுவை அனுப்பினோம். இரண்டு மாதங்களில் உதவித்தொகை மீண்டும் வந்தது.

இதனை நம் எழுத்தின் ஆற்றலென்று செருக்கடைதற்கு யாதும் இல்லை. அவர் கூறிய அவ்வொரு செய்தியே காரியத்தை முடித்தது. ஆயினும் அம்மனு அவர்க்கு விளங்காத நடையில் இருந்திருக்குமாயின், அச்செய்தி அவர் வாயினின்று வெளிவந்திராது. 'ஏதோ படித்த பிள்ளை எழுதியிருக்கிறது' என்று கைகூப்பிச் சென்றிருப்பார். விளங்கும் எழுத்து, படிப்பவரையும் கேட்பவரையும் பேசச் செய்கின்றது. விளங்காத எழுத்து அவர்தம் வாயை அடைத்துவிடுகின்றது. கல்லூரி வகுப்பிற் கேட்ட நன்னூற் கணக்கின் அரைப்பங்கு எங்கே கிடைக்கும் என்பதை நமக்கு அறிவித்தவர் எழுத்தறியாத அம்மூதாட்டியே.

ஓர் ஐயமும் விடையும்

அஃதேல், எளிமையை நாடின் செந்தமிழ்ப் புலமை தேயாதோ எனின், தேயாது. நம் மொழி வரலாறே அதற்குச் சான்று. இத்தாலி நாட்டிற் பிறந்து தமிழகத்திற்கு வந்த வீரமாமுனிவர் (1680–1747) 3,615 பாடல்களாலாகிய தேம்பாவணியை இயற்றினார். சிறுவரும் கேட்டு நகைக்கும் பரமார்த்த குரு கதையை எழுதியதும் அக்கையே. காப்பியம் கற்பார்க்குக் காப்பிய நடை. கதை கேட்பார்க்குக் கதை நடை. ஆறுமுக நாவலர் (1822–1879) பெரியபுராணத்தை 1852ஆம் ஆண்டில் உரைநடையில் வெளியிட்டார். செய்யுளை அணுக இயலாதாரும் அதன் பொருளைப் பெற வழி செய்த அவரது புலமையில் யாரே குறை காண்பர்?

மற்றொரு சான்றும் உண்டு. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிற் பதிப்பித்தவரும், சங்க நூல்கள் பலவற்றை ஏட்டினின்றும் அச்சேற்றியவருமான டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942), தம் முதுமைக் காலத்தில் 1940ஆம் ஆண்டு முதல் 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் எழுதி வந்தார். அரும்பதங்களோடு வாழ்நாளெல்லாம் பழகியவர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாரப் பத்திரிகை படிப்பார்க்கும் விளங்குமாறு எழுதினார். சொல் தெரியாமையால் வரும் எளிமை வேறு; ஆயிரஞ் சொல் தெரிந்து அவற்றுள் ஏற்றதொன்றைத் தேர்வதால் வரும் எளிமை வேறு. பின்னதற்குப் புலமையே முதல். ஆகலின் பண்டை நூற் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு எளிமையைத் தேடவேண்டுவதில்லை. பயிற்சியை மிகுத்துக்கொண்டே தேடலாம்.

திருத்துதலின் இன்றியமையாமை

ஒருமுறை எழுதியதையே முடிவென்று கொள்ளாமையும் வளர்ச்சியின் அறிகுறியாம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சாகி முடிந்தது. பின்னர் பப்ரீஷியஸ் ஐயரது மொழிபெயர்ப்பு 1772ஆம் ஆண்டிலும், பவர் ஐயர் முதலியோரது திருத்தம் 1871ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒரே நூலுக்கு 156 ஆண்டுகளில் எத்துணை உழைப்பு! கற்றார் பலர் கூடி ஆய்ந்த எழுத்தே மீண்டும் மீண்டும் திருத்தம் வேண்டிற்றெனின், ஓரிரவில் நாம் எழுதும் கட்டுரைக்கு மறுமுறை நோக்குதல் வேண்டாவோ?

திருத்துவதற்கு நாம் கைக்கொண்டுள்ள முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். எழுதியதனை ஓரிரவு விட்டுவைத்து, மறுநாள் அயலார் எழுத்தைப் படிப்பதுபோற் படித்தல் முதலாவது. முதற் பத்தியை மறைத்துக்கொண்டு, அஃதின்றியும் கட்டுரை விளங்குமோ என்று நோக்குதல் இரண்டாவது. விளங்குமாயின் அம்முகவுரை வேண்டாததே. ஒவ்வொரு பத்தியும் கூறும் பொருளை ஒரே தொடரிற் சொல்லிப் பார்த்தல் மூன்றாவது. சொல்ல இயலாதாயின் அப்பத்தியில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன, அன்றி ஒன்றுமே இல்லை. பெயர்களையும் ஆண்டுகளையும் நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் நான்காவது. இந்நான்கும் அரிய கலைகள் அல்ல. பொறுமையுடையார் எவர்க்கும் கைகூடுவனவே.

முடிவுரை

ஆகவே, எழுத்தில் வளர்தலென்பது நம் சொற்கள் நீளுதலன்று. நம் எழுத்தைப் படிக்க வல்லாரது எண்ணிக்கை பெருகுதலே. தொடக்கத்தில் மாணவன் தன் ஆசிரியர் ஒருவர்க்காக எழுதுகின்றான். பின்னர் நண்பர்க்காக எழுதுகின்றான். முடிவில், தன்னைப் பாராட்ட வாராது தம் தேவைக்காக வந்து நிற்கும் ஒருவர்க்காக எழுதுகின்றான். அப்பொழுதே அவனுக்கு மொழி முற்றும் உரிமையாகின்றது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரிப் படிப்பு ஓராண்டிலோ ஈராண்டிலோ முடிந்துவிடும். தேர்வுத் தாள்களும் மறக்கப்படும். ஆயினும் எழுதத் தெரிந்தார் சிலராகவும், எழுதுவிக்க வேண்டுவார் பலராகவும் உள்ள ஊர்களுக்கே நம்மிற் பலர் மீண்டு செல்லவிருக்கின்றோம். அங்கே நம் திண்ணைக்கு வருவார் நம்மிடம் நன்னூற் சூத்திரங்களைக் கேட்கப்போவதில்லை. தாம் சொல்ல நினைப்பதைச் சொல்லித் தரவே கேட்பர். அதற்கேற்றவாறு நம் கையைப் பழக்கிக்கொள்ளுதல் நம் கடன். நாடோறும் ஒரு பக்கமேனும் எழுதுவோமாக. எழுதியதைப் பிறர் படிக்கக் கேட்போமாக. கேட்டதைக் கொண்டு திருத்துவோமாக.